ஷெரிப்புக்கு ஒரு சம்மன்

லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அவர்களை ஆள ஐந்து மேற்பார்வையாளர்கள். ஆனால் காவலையும் சிறையையும் கையில் வைத்திருக்கும் ஷெரிப்பை எளிதில் மேற்பார்க்க முடியாது. அவரும் ஓட்டு வாங்கி வந்தவர். பணம் ஒதுக்குவது இவர்கள், அதிகாரம் பண்ணுவது அவர்.

கண்காணிக்க 2016-ல் குடிமக்கள் ஆணையம் ஒன்று அமைத்தார்கள். கேள்வி கேட்கலாம், பதில் சொல்வது அவரவர் பெருந்தன்மை. 2020 மார்ச்சில் வாக்காளர்கள் இரங்கி, சம்மன் அனுப்பும் அதிகாரமும் தந்தார்கள். சம்மன் போயிற்று. ஷெரிப் அலெக்ஸ் வில்லனுவேவா வரவில்லை. (அந்தக் கவுன்டியில் கோர்ட்டுத் தாள்களை வீடு தேடிப்போய்க் கொடுப்பதும் ஷெரிப் துறையின் வேலைதான்.) 2022 நவம்பரில், ஐவரில் நால்வர் கைதூக்கினால் ஷெரிப்பை நீக்கலாம் என்று சட்டம் வந்தது. அதே தேர்தலில் ஜனங்களே அவரைத் தோற்கடித்துவிட்டார்கள்.

ஷெரிப்பின் சிறைக்கு மாற்றுத் திட்டம் இன்னும் ரசமானது. வீட்டிலேயே இருக்கலாம், கணுக்காலில் மின்னணுப் பட்டை. 2021 ஜூலையில் தடை வரும்வரை கலிபோர்னியா கவுன்டிகள் அந்தப் பட்டைக்கும் கட்டணம் கேட்கலாம் என்றிருந்தது. உள்ளே கிடந்தால் சோறு சர்க்கார் கணக்கு; வெளியே இருந்தால் விலங்கு சொந்தக் கணக்கு என்றிருந்த காலம் அது.

முன்னாள் ஷெரிப் லீ பாக்காவும் மாற்றுவழி பார்த்தார். சிறை அடிதடிகளைத் துருவிய எஃப்பிஐக்காரர்களிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டு, அதிகபட்சம் ஆறு மாதம் என்று பேரம் முடித்தார். நீதிபதி ஒப்பவில்லை. 2017-ல் மூன்று வருஷம் கிடைத்தது.