செருப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்

உப்பளத் தொழிலாளி, மரக்காணம்: ஆஸ்பத்திரியிலயும் புண்ணை உப்புத் தண்ணியாலதான் கழுவுறாங்க. நாங்க நாள் பூரா அதுலதான் நிக்கிறோம். அப்புறம் ஏன் என் கால்புண் ஆறலை?

அளவுதான் வித்தியாசம், அண்ணே. ஆஸ்பத்திரி சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல்நீரில் சுமார் 35. உங்கள் பாத்தியில் உப்பு விளையும் நேரம் அது 250-ஐத் தாண்டும். 9 என்பது நம் உடம்பு நீரோடு ஒத்துப்போகிற கணக்கு. 250 என்பது கருவாட்டுக் கணக்கு! புண்ணுக்குள் புதிதாக வளரும் சதையிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். சர்க்கரைக்காரர் புண்ணோடு பாத்தியில் இறங்கவே கூடாது.

மகள், கூனிமேடு: அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர். உள்ளங்காலில் எட்டணா அகலத்துக்குப் புண். வலியே இல்லைங்கிறார். அப்ப பயப்பட வேண்டாம்தானே?

வலித்திருந்தால்தான் பயம் குறைவு. சர்க்கரை பாதத்து நரம்பை மரத்துப்போகச் செய்துவிட்டது. வலி தெரிந்தால் நாமே நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றுவோம். உங்கள் அப்பா அதே இடத்தை ஒவ்வொரு அடியிலும் மிதிக்கிறார்.

இதைக் கண்டு சொன்னவர் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் பார்த்து, பாதத்தைத் தேய்த்து அழிப்பது பெரும்பாலும் வலி தெரியாத நடைதான் என்று காட்டினார். 1960-களில் அமெரிக்கா போனபின் அதே பாடம் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. ஆகவே அப்பாவிடம் கேட்க வேண்டியது 'வலிக்குதா' அல்ல, 'இன்னைக்கு எவ்வளவு நடந்தீங்க' என்பது.

அதே மகள்: டாக்டர் மாவுக்கட்டு போடலாம்கிறார். எலும்பு முறியலையே?

முறியவில்லைதான். உடம்பு எடை புண் மேல் இறங்காமல், பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கத்தான் அந்தக் கட்டு. 1930-களில் இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோய்ப் புண்ணுக்குச் செய்து பார்த்த வைத்தியம். பல புண்கள் ஆறேழு வாரத்தில் மூடிக்கொள்ளும். கழற்றி மாட்டும் பூட்ஸும் இருக்கிறது. ஆனால் நம்ம ஆட்கள் 'இதோ கொல்லைக்குத்தானே' என்று கழற்றிவிடுவார்கள். கட்டைக் கழற்ற முடியாது என்பதிலேயே பாதி வைத்தியம் அடக்கம். சீழ் இருந்தாலோ, காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இந்தக் கட்டு ஆகாது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாசகர், அனுமந்தை: மஞ்சள் தூள், தேங்காயெண்ணெய்?

குழம்புக்கு.

வாசகர், திண்டிவனம்: வளர்ச்சிக் காரணி ஜெல்லுன்னு ஆயிரக்கணக்கில் விலை சொல்றாங்க. வாங்கலாமா?

சிலருக்கு உதவும், பொய் இல்லை. ஆனால் ரத்தம் வராத காலில், செத்த சதையை வெட்டி எடுக்காத புண்ணில், அதன் மேலேயே நடந்துகொண்டு எந்த ஜெல்லைத் தடவினாலும் பணம்தான் கரையும். புண்ணில் என்ன போடுகிறோம் என்பதைவிட, புண்ணிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்: எடை, சீழ், செத்த சதை, ஓரத்துக் காய்ப்பு. காய்ப்பை நீங்களே பிளேடால் சீவ வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

வாசகி, மரக்காணம்: ஆறு வாரம் காலை ஊன்றாதேன்னு சுலபமா சொல்லிட்டார் டாக்டர். கூலியை யார் தருவா?

இந்தக் கேள்விக்கு நகைச்சுவையாகப் பதில் எழுத எனக்கு வரவில்லை. இ.எஸ்.ஐ. அட்டைக்காரருக்கு நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. உப்பளத்து நாள்கூலிக்கு அந்த அட்டை எங்கே? மழை மாதங்களில் பாத்தி மூடிக்கிடக்கும்போது அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, நல்லது. புண் ஐப்பசி வரை காத்திருக்காதே. சித்திரை வெயிலில் உப்பு வாரும்போதுதான் வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதோடு சேர்த்து, மாவுக்கட்டு போட்டவருக்கு ஆறு வாரக் கூலியும் வாசலுக்கு வந்தால்தான் வைத்தியம் முழுமை என்பேன். காலை எடுத்தபின் வீட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இளைஞர், கண்டாடு: ரப்பர் பூட்ஸ் போட்டா போதுமா?

மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். மரத்த காலுக்கு உள்ளே கிடக்கும் உப்புக்கல் தெரியாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். உள்ளங்காலைத் தினமும் கண்ணாடியில் பாருங்கள். முகத்தைத்தான் ஏற்கெனவே நாலு தடவை பார்க்கிறீர்களே!

வாசகர், மரக்காணம்: எப்ப ஓடணும், எங்க ஓடணும்?

கறுப்பு, நாற்றம், காய்ச்சல், மேலே ஏறும் சிவப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே. ஓடாதீர்கள், வண்டியில் போங்கள். முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனை. பெரிதானால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர். 108-க்குக் காசு கிடையாது.