பாத்திர ஆராய்ச்சி

‘பாத்திரப் படைப்பை ஆராய்க’ என்று கேள்வி வந்துவிட்டால் எங்கள் காலத்தில் கொண்டாட்டம். கதையை முழுதாகப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தோற்றம், குணம், மனமாற்றம், முடிவுரை என்று நோட்ஸில் நாலு தலைப்பு இருக்கும். உருப்போட்டால் போதும். யாரை எப்படிப் பிய்த்து உதறினாலும் பாத்திரம் எழுந்து வந்து ‘நீ எப்படி?’ என்று கேட்காது. அது தனி வசதி.

1973-ல் நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பி.யூ.சி. படிக்கப் போனேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் பஸ் மூன்றடைப்பைத் தாண்டியதும் நான் வேறு ஆளாகிவிடுவேன். பெட்டியில் புது பெல்பாட்டம் ஒன்று. டவுன் ரதவீதிப் பாத்திரக்கடையில் என் பெயரை வெட்டி வாங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று. ஆஸ்டலில் களவு போகாமலிருக்க அம்மா செய்த ஏற்பாடு அது.

ஆங்கிலத்துக்கு நான்-டீட்டெய்ல், டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. 1860-61-ல் வாரத் தொடர்கதையாக வந்ததை எங்களுக்காக ஒல்லிப் புத்தகமாகச் சுருக்கியிருந்தார்கள். கொல்லன் பட்டறையில் வளர்ந்த பிப், முகம் தெரியாத ஒருவர் கொடுக்கும் பணத்தில் லண்டன் போய்க் கனவானாகிறான். அவனை வளர்த்த அக்காள் புருஷன் ஜோ ஒருநாள் பார்க்க வருகிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாடத்தில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. தூக்கி வளர்த்த பையனையே ‘சார்’ என்கிறார். பிப்புக்கு மானம் போகிறது. வகுப்பில் நாங்கள் எல்லோரும் பிப்பை ஏகமனதாகக் கண்டித்தோம்.

அந்தத் தை மாசம் என்னைப் பார்க்கவும் ஒருவர் வந்தார். எங்கள் வயலில் வேலை பார்த்தவர், அப்பாவுக்கும் மூத்தவர். பெரியகுளத்தில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழக்கியவர். குளத்துத் தண்ணீருக்குள் தொட்டால் தீட்டில்லை. செம்புத் தண்ணீரைத் தொட்டால்தான் தீட்டு. அந்த நுட்பமெல்லாம் யாரும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரியும். இப்போது எழுதும்போது ‘வந்தார்’ என்கிறேன். அன்றைக்கு எங்கள் தெரு இலக்கணத்தில் அவருக்கு ‘ஆர்’ விகுதி கிடையாது.

“வா” என்றேன் நான், பதினேழு வயசில்.

“நல்லா இருக்கியளா, சின்னய்யா?” என்றார் அவர், ஐம்பதைத் தாண்டிய வயசில். தோளில் கிடந்த துண்டு வராந்தாப் படியிலேயே கக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஜோவின் தொப்பிக்குத்தான் இடம் தெரியவில்லை. இவருடைய துண்டுக்கு இடம் நன்றாகவே தெரியும். அம்மா கொடுத்தனுப்பிய பனங்கிழங்குக் கட்டையும் கருப்பட்டியையும் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?” என்று கேட்டார்.

வீட்டில் என்றால் பிரச்சினையே இல்லை. அவருக்கென்று ஒரு நசுங்கிய அலுமினியக் குவளை தொழுவத்து இறவானத்தில் சொருகியிருக்கும். ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பொருள். ஆஸ்டலில் அந்த வசதி இல்லை. இருந்தது ஒரே டம்ளர், என் பெயர் வெட்டியது. நான் கூஜாவைத் தூக்கிக்கொண்டு விழித்த நேரத்தில், அவரே படியிறங்கிக் குத்தவைத்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். நான் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இரண்டு பேருக்கும் அவ்வளவு பழக்கம்.

“யாருடே அது?” என்றான் அறைக்கூட்டாளி.

“ஊர்ல இருந்து வந்த ஆளு.”

மறு வாரம் பரீட்சை. ஜோவின் பாத்திரப் படைப்பை ஆராயச் சொல்லியிருந்தது. மூன்று பக்கம் எழுதினேன். கனவான் என்பவன் உடுப்பால் அல்ல, உள்ளத்தால் ஆகிறவன் என்று ஆரம்பித்து, பிப்பின் நன்றிகெட்டதனத்தை வெளுத்து வாங்கினேன். பத்துக்கு எட்டு. சார் வகுப்பில் வாசித்தே காட்டினார்.

இதே பாளையங்கோட்டையில்தான் எங்கள் ஊர்க்காரரான நா. வானமாமலை டுடோரியல் நடத்தினார். 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர். ஆசிரியர் வேலையை உதறியவர். ‘ஆராய்ச்சி’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகையும் நடத்தியவர். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதைப்பாடலை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. எங்களுக்கு டுடோரியல் என்றால் தவறியவர்கள் போகும் இடம். தேறிவிட்டதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள்மேல் ஆசைப்பட்டு, அவர்கள் அப்பன் போட்ட நிபந்தனைப்படி பூணூலை அறுத்துக் குடுமியைச் சிரைத்துச் செருப்புத் தைக்கிறான். மாட்டுத் திருடர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையன் கோயிலில் இன்றும் பட்டவராயனாக நிற்கிறான், காணிக்கை செருப்புத்தான். இந்தக் கதைக்குப் பின்னால் யாரோ ஒட்டுப் போட்டார்கள்: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர் வீட்டில் பிறந்து, காட்டில் கிடந்து, சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்களாம். இது பிற்காலச் செருகல் என்றார் வானமாமலை. டிக்கன்ஸ் செய்ததைப் பாருங்கள். பிப் உருகும் சீமாட்டி எஸ்டெல்லாவைப் பெற்றவன் ஒரு கைதி என்று போட்டு உடைக்கிறார். அவர் பெரிய வீட்டுப் பெண்ணின் பிறப்பைக் கீழே இறக்கினார். நம்மவர்கள் பாட்டில் வந்த பெண்களின் பிறப்பை மேலே ஏற்றிவிட்டுத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அது அப்போது. இப்போது எவ்வளவோ முன்னேற்றம். டீக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப். குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம். குவளையில் இடமில்லாமல் போன சாதி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கயிறாக ஏறிக்கொண்டது. 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில், ஒரு மாணவன் வீட்டுக்குள் இரவில் கூடப்படித்த பையன்களே புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை வந்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. எங்கள் தெருவில் எல்லோரும் ‘இந்தக் காலத்துப் பையன்கள் கெட்டுவிட்டார்கள்’ என்று வருத்தப்பட்டோம். யாரிடம் படித்தார்கள் என்ற பேச்சு மட்டும் எழவில்லை.

அந்த வருஷ விடுமுறையில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பேத்தி வந்திருந்தாள். கையில் இரண்டு புத்தகம். “தாத்தா, ஒரு பாத்திரத்தப் பத்தி அசைன்மென்ட் எழுதணும். எதுல எழுதட்டும்?”

ஒன்று ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’, 1960-ல் வந்தது. பொய்வழக்கில் மாட்டிய கறுப்பருக்காக வாதாடும் வக்கீல் அட்டிகஸையும், அதைப் பார்த்துக்கொண்டே வளரும் அவர் மகள் ஸ்கௌட்டையும் பற்றியது. “கண்ணை மூடிக்கிட்டு அட்டிகஸ எழுது, மார்க் நிச்சயம்” என்றேன். அந்தக் கதையைப் படிக்கிற எவரும் தன்னை அட்டிகஸ் என்றே எண்ணிக்கொள்வார். ‘குற்றவாளி’ என்று சொன்ன பன்னிரண்டு ஜூரிகளும் எந்த ஊருக்குக் குடிபோனார்களோ, வாசகர்களில் ஒருவரையும் காணோம்.

மற்றது பாமாவின் ‘கருக்கு’, 1992. அதில் ஒரு பெரியவர் முதலாளிக்கு வாங்கிய பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப் போவார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு வரும். அண்ணன் விவரம் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோகும். அந்தப் பக்கத்தை அவள் சத்தமாக வாசித்தபோது, எந்த யோசனையும் இல்லாமல் ஆஸ்டல் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் மனசு லேசான மாதிரி இருந்தது. மனம் திருந்திய பிப் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான். “அவர் பேரு என்ன?”

கூப்பிடும் பெயரைச் சொன்னேன்.

“முழுப் பேரு?”

ஐம்பது வருஷமாக எனக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் அவளே அவர்கள் தெருவுக்குப் போனாள். திரும்பும்போது சாயங்காலம். சாப்பாடும் அங்கேயே ஆயிற்றாம். ஊருக்குப் புறப்படும் முன் அசைன்மென்ட்டைக் காட்டினாள். தலைப்பில் அவர் பெயர், இனிஷியலோடு, ‘திரு’ போட்டு. நீச்சல், உழவு, ஆறு பிள்ளைகள், கடைசிக் காலம் என்று ஒன்பது பக்கம். என்னைத் தேடிக்கொண்டே புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ‘துணைப் பாத்திரங்கள்’ என்ற தலைப்பில், மூன்றாவதாக ஒரு வரி: தண்ணீர் ஊற்றிய கல்லூரி மாணவர்.

“எம் பேரப் போட்டிருக்கலாமேம்மா” என்றேன்.

காபியை ஆற்றி என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்: “அதான் டம்ளர்ல வெட்டிருக்கே, தாத்தா.”