மருமகனுக்கு ஒரு பென்டிரைவ்

வாடே மருமகனே, இரி. சாயா குடிக்கியா? லேப்டாப்பையும் தூக்கிட்டு சாலை பஜார் வரைக்கும் வந்திருக்கியே, விசயம் இல்லாம இருக்குமா! 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவசப் பராமரிப்பு முடிஞ்சுது, 11 இந்தப் பெட்டியில ஏறமாட்டேங்கு, அதனால புதுசு வாங்கணும். சரி. டெக்னோபார்க் எஞ்சினியருக்கு வாழைக்குலை யாவாரி கடன் குடுக்கது முறைதானே.

வாங்குடே. ரெண்டு வருசம் தவணை கட்டு. ஒரு பெட்டி நல்லா ஓடுதுங்கிற ஒரே குத்தத்துக்காக அதைத் தூக்கிப் போடதுக்கும் ஒரு படிப்பு வேணும்; நீ படிச்சவன்.

என் பேத்தி பாவம், எட்டாங்கிளாஸ். அரசாங்கப் பள்ளிக்கூடம். அவளுக்குத் தெரிஞ்சது லினக்ஸ் மட்டும்தான். பள்ளிக்கூடங்களுக்காகக் கேரளா அரசாங்கம் ஐடி அட் ஸ்கூல்னு 2001-ல தொடங்குன திட்டம், 2017-ல கைட்னு கம்பெனியாச்சு. ஆபீஸ் தூரமில்ல, இங்க பூஜப்புரையிலதான். உபுண்டுங்கிற லினக்ஸை எடுத்து, பிள்ளைகளுக்குத் தோதா ஜியோஜீப்ரா, ஜிம்ப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் உள்ள வச்சே குடுக்கான். கைட் குனு லினக்ஸ் 22.04-ன்னு பேரு. நீயும் நானும்கூட இறக்கிக்கலாம், பைசா கிடையாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவுக்கான சுதந்திர மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வச்சதும் இதே திருவனந்தபுரத்துலதான், 2001 ஜூலையில. நீ அப்போ டவுசரைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டிருந்த. இப்பவும் ஓடத்தான் செய்ய, லினக்ஸ்னு சொன்னா.

பயமா? சரி, ஏத்தாண்டாம், பாத்துட்டுப் போ. ஒரு பென்டிரைவ் எடு. இறக்குன ஐஎஸ்ஓ கோப்பைச் சும்மா காப்பியடிச்சுப் போட்டா ஒண்ணும் நடக்காது. எட்சர்னு ஒரு மென்பொருள் இருக்கு, அதால எழுதணும். பென்டிரைவுல பழசு எல்லாம் அழிஞ்சிரும், உன் கல்யாணப் போட்டோ அதுல கிடந்தா முதல்ல மாத்திக்க. பெட்டியை ஆன் பண்ணும்போது எஃப்12-ஓ எஸ்கேப்போ, கம்பெனிக்கு ஒரு கீ, அதை அமுக்கி பென்டிரைவைத் தேர்ந்தெடு. 'ட்ரை'ன்னு கேட்டா அதைத் தொடு, 'இன்ஸ்டால்' பக்கம் விரல் போகப்பிடாது. வைஃபை பிடிக்கா, சத்தம் கேக்கா, பிரிண்டர் பேசுதா, எல்லாம் நோண்டிப் பாரு. பிடிக்கலியா, அணைச்சுட்டு பென்டிரைவை உருவு; உன் விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். என் கடையில குலையை அமுக்கிப் பாத்துட்டு எடுக்காமப் போறவனை நான் சும்மா விடமாட்டேன். இதுல கேக்க ஆளில்ல.

உள்ளதையும் சொல்லிருதேன். டேலியும் போட்டோஷாப்பும் இதுல நேரா ஓடாது. அதுலதான் பிழைப்புன்னா பழைய இடத்திலேயே இரு, நான் வையமாட்டேன். ஆனா நீ பெட்டியில செய்யது என்ன? பிரவுசர், படம், ரெண்டு கடுதாசி. அதுக்கு இது தாராளம். நிரந்தரமா ஏத்தணும்னு தோணிச்சுன்னா கோப்பு எல்லாத்துக்கும் வேற இடத்துல ஒரு நகல் வச்சுட்டு ஏத்து. அப்புறம் அதே பென்டிரைவைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் குடு. இதுல அது திருட்டுமில்ல.

பேத்தி நாலு மணிக்கு வருவா, கூட இருந்து காட்டித் தருவா. லினக்ஸ்தான் ஓசி, அவ ஓசியில்ல. முக்குல பழம்பொரி சூடாப் போடுதான், நாலு வாங்கிட்டு வந்து இரி.