மலாக்காவுக்கு ஒரு கம்பளி வரிசை

குளிர்நாடுகளில் தனியாகத் தொழில் செய்யும் நூல் வடிவமைப்பாளர்கள் பருவத்துக்குப் பருவம் புதிய வரிசை இறக்குகிறார்கள். கையால் சாயமேற்றிய மெரினோ கம்பளி. 100 கிராம் கண்டு, சுமார் 400 மீட்டர். ஒரு ஜோடி காலுறை பின்னலாம். நிறத்தைப் 'பழுப்பு' என்றால் விலை ஏறாது. 'இலையுதிர்கால அந்தி' என்றால் ஏறும்.

மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இலையுதிர்காலம் உண்டு, பால்மரத்துக்கு மட்டும். அப்போது இலையோடு சம்பளமும் உதிரும்.

பின்னல் நமக்குப் புதிதல்ல. தோட்டத்து வீட்டில் அப்பா வெற்றுடம்போடு உலவுவார். பின்னல் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது ரேடியோ.

ஆகவே நமக்கும் ஒரு வரிசை வேண்டும்: 'பெரட்டு இருட்டு', 'செம்பனைச் சிவப்பு', 'ஒட்டுப்பால் பழுப்பு'. முதல் நிறம் விடியுமுன் பேர் கூப்பிடும் நேரத்தது. கடைசி நிறத்துக்கு வாசனை இலவசம். வாங்கியவர் திருப்பித் தர முடியாது.

இந்த வரிசைக்கு மலாக்காவுக்கு உரிமையும் உண்டு. தான் சே யான் என்பவரே மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் நட்டவர். இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. ரப்பர் பாலிலிருந்து இழுத்த நூல்தான் எத்தனையோ கடைக் காலுறைகளை நழுவாமல் பிடித்துவந்திருக்கிறது. ஆட்டு மயிருக்கு அந்தி, பனி, நிலவு என்று பெயர் சூட்டுபவர்கள், அதை மட்டும் எலாஸ்டிக் என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.