ஸ்கிரிப்ட் எச்சவியல்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

எம்பெடட் லினக்ஸ் உலகில் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்க்க அரைமணி போதும். அதை நீக்க ஒரு தலைமுறை வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தகுந்த இந்தப் பொருளை அறிஞர்கள் கண்டுகொள்ளாததால் நாமே கால்கோள் இடுகிறோம்.

முதலில் களம். 2003இல் தொடங்கிய ஓப்பன்எம்பெடட், 2010இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த யோக்டோ, கூடவே பில்ட்ரூட். ரவுட்டருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் வேண்டிய லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டித் தருவது இவற்றின் தொழில். ஓப்பன்எம்பெடட்-கோரில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்றொரு டைரக்டரி, அதற்குள் 'கான்ட்ரிப்' என்றொரு பரண். யாரோ தன் வசதிக்கு எழுதி, நாலு பேருக்கு உதவட்டுமே என்று ஏற்றி வைத்தவை அங்கே சேர்கின்றன. ஏற்றியவர் பிறகு வேலை மாறிப் போய்விடுவார்; ஸ்கிரிப்ட் போகாது.

இத்தகைய பரண்களில் கிடைக்கும் வகைமாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். முதல் வரி பைத்தானை அழைக்கிறது, 3 என்ற எண் இல்லாமல். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்துபோனது. புதிதாக நிறுவிய உபுண்டுவில் வெறும் பைத்தான் என்று கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. சற்றுக் கீழே 'பிரிண்ட்' நிற்கிறது, அடைப்புக்குறி இல்லாமல். இடையில் ஷெல்லைக் கூப்பிட்டு ஓர் 'ஈகிரெப்'. 2022இல் வந்த கிரெப் 3.8 முதல் அந்தப் பெயரை உச்சரித்தாலே வழக்கொழிந்தது என்ற கண்டிப்பு வருகிறது. கடைசியில் எஸ்டி கார்டில் இமேஜ் எழுதும் 'டிடி' கட்டளை. எழுத வேண்டிய இடம் '/டெவ்/எஸ்டிபி' என்று அப்படியே பதிந்திருக்கிறது. எழுதியவர் மடிக்கணினியில் அது கார்டு. உங்கள் கணினியில் அது இரண்டாவது ஹார்ட் டிஸ்க்காகவும், அதில் மகள் கல்யாணப் படங்களாகவும் இருக்கலாம். பைத்தான் 3இல் ஓட்டினாலும் பிரிண்டிலேயே இடறி விழுவதால் டிடி வரை போவதில்லை. பிழையே இங்குக் காவல் என்க.

அப்படியானால் நீக்கிவிட வேண்டியதுதானே என்பார்க்கு விடை: உயிரோடிருக்கிறதா என்று எப்படி அறிவது? கிட் லாகைப் பார் என்பர் ஒரு சாரார். அது யார் திருத்தினார் என்று சொல்லும். யார் ஓட்டினார் என்று சொல்லாது. திருத்தமும் நம்பத்தக்கதன்று. 2019இல் ஓப்பன்எம்பெடட்-கோர் ஸ்கிரிப்டுகளின் உரிமக் குறிப்புகளை எஸ்பிடிஎக்ஸ் வடிவுக்கு மாற்றினார்கள். இப்படி ஊர் மொத்தத்துக்கும் வெள்ளையடிக்கும்போது செத்த ஸ்கிரிப்டுக்கும் ஒரு புதுத் தேதி விழுந்துவிடுகிறது.

எனவே நம்பகமான கணக்கெடுப்பு முறை ஒன்றே ஒன்று: நீக்கும் பேட்ச். அதை அனுப்பிய பின் எழும் வாதங்களை நன்னூலின் எழுவகை மதத்தில் அடக்கலாம். உடன்படல் உண்டு, அரிது. மறுத்தல் உடனே வரும்: 'நான் தினமும் பயன்படுத்துகிறேன்.' (மேற்கண்ட மாதிரியைத் தினமும் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்பது நாகரிகமன்று.) ஆனால் பேட்சைக் கொல்வது மூன்றாவது வகை, பிறர் கொள்கையை ஏற்றுப் பின் களைதல்: 'நீக்க வேண்டியதுதான், ஆனால் இந்த ரிலீஸில் வேண்டாம்.' மறுப்பவரோடு வாதாடலாம். ஒப்புக்கொள்பவரை என்ன செய்வது?

பில்ட்ரூட்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று 'டெவலப்பர்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைக்கிறார்கள். கான்ஃபிக் விருப்பம் ஒன்றை எடுத்தால் 'கான்ஃபிக்.இன்.லெகசி'யில் பதிவு செய்கிறார்கள். பழைய விருப்பத்தோடு கட்டப் போனால் பில்ட் நின்று, என்ன ஆயிற்று என்று சொல்கிறது. கான்ட்ரிப் பரணிலிருந்து இறங்கும் ஸ்கிரிப்டுக்கு இப்படி ஓர் இரங்கல் குறிப்பு கிடையாது. கமிட் செய்தியில் நாலு வரி எழுதினால் உண்டு.

ஆகவே நம் முடிபு: பயன்படுத்துகிறேன் என்று யார் கை தூக்குகிறாரோ அவர் பெயரையே பராமரிப்பாளர் என எழுதுக. அவர் கையை இறக்கிவிட்டால் ஸ்கிரிப்டை நீக்குக. வேண்டுமென்றால் கிட் வரலாற்றிலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளலாம். பேட்ச் அனுப்புவோர் ஒன்று மட்டும் செய்யுங்கள்: நீக்கும் ஸ்கிரிப்டுக்குப் பதில் எதை ஓட்டுவது என்று கமிட் செய்தியில் ஒரு வரி எழுதுங்கள்.