பயணத்தில் ஆறியிருத்தல்: தண்ணீரூற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சுற்றுலா போனவர் ஒரு நாள் சும்மா ஆறியிருப்பது எதனால் என்ற கேள்வியை அறிஞர்கள் இதுவரை பயண முகவர்களின் கையில் விட்டுவைத்திருக்கிறார்கள். முகவர்கள் சொல்லும் காரணம் உயரம். பெருவின் குஸ்கோ நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தால் இறங்கியவருக்குத் தலையிடிக்கும், நாலு படி ஏற மூச்சு வாங்கும். ஆகவே அந்தீஸ் பயணத்தில் முதல் நாளை ஓய்வுக்கென்று ஒதுக்கி, கொக்கா இலை ஊறிய சுடுதண்ணீரைக் கையில் கொடுத்து இருத்திவிடுகிறார்கள். இக்கட்டுரையின் துணிபு வேறு. ஆளை ஆற்றுவது அந்தக் கோப்பைத் தண்ணீர். உயரம் வெறும் சாட்டு.

இதை நிறுவத் தண்ணீரூற்றே போதும். முள்ளியவளையை ஒட்டிய இவ்வூரில் மூச்சு வாங்க வைக்கும் உயரமேதும் கிடையாது. ஊற்று என்றாலே தண்ணீர்தான். அதற்கு முன்னால் இன்னொரு தண்ணீரையும் சேர்த்துப் பெயர் வைத்தவர்கள் நல்ல வெயிலுக்குள்ளால் நடந்து வந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். இங்குள்ள பிள்ளையாரும் ஊற்றங்கரைப் பிள்ளையார். உலகைச் சுற்றிவரச் சொன்னபோது தாய் தகப்பனைச் சுற்றிவிட்டு இருந்துகொண்டவர் அவர். ஓய்வு நாளைக் கண்டுபிடித்த பெருமையை அவருக்கே கொடுக்கலாம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வான் பிடித்து வரும் சனத்தைக் கவனித்தாலும் இது விளங்கும். நிழல் கண்டு நிற்பாட்டியதும் சாப்பாட்டுப் பார்சலைத் தொடமாட்டார்கள். போத்தல் மூடிதான் முதலில் திறபடும். முதல் மிடறு தொண்டைக்கு, அடுத்தது உள்ளங்கையில் வார்த்துப் பிடரிக்கு. அதன்பிறகே யாராவது மரத்தை நிமிர்ந்து பார்த்து, 'நல்ல இடம்' என்பார்.

நந்திக்கடலும் முல்லைத்தீவுக் கடலும் கிட்ட இருக்க, தண்ணீருக்கு ஊற்று எதற்கு என்று ஒருவர் மறுக்கலாம். கடல்நீரின் பெருமை வேறு. சிலாவத்தைக் கரையில் அள்ளிய உப்புநீரில் அம்மனுக்கு விளக்கெரிப்பது மரபு. விளக்கெரிக்கிற தண்ணீரிடம் தாகமும் தீர்க்கச் சொல்வது அதிகப்பிரசங்கம். வானுக்குள்ளேயே வாயைத் திறந்தபடி நித்திரை கொள்பவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் அவர் முழித்ததும் கேட்பது தேத்தண்ணி. தேயிலையை ஓரெழுத்துக்குள் ஒடுக்கி, தண்ணியை முழுசாக வைத்திருக்கும் அச்சொல்லே எங்கள் பக்கச் சாட்சி.

அந்தீஸிலும் சாட்சி உண்டு. மச்சுப் பிச்சுவின் அடிவாரத்தில் பயணிகள் தங்கும் ஊருக்கு அகுவாஸ் காலியென்தெஸ் என்று பெயர். ஸ்பானிய மொழியில் சுடுதண்ணி. மேலே இன்கா மன்னர் கட்டியது உலக அதிசயம், கீழே ஊருக்குப் பெயர் கொடுத்தது வெந்நீரூற்று. மலைக்குளிரில் அது சரி. வைகாசி வெயிலில் அந்தப் பெயரை முள்ளியவளைச் சந்தியில் எழுதிப்போட்டால் ஒரு வானும் நிற்காது.