வரைபடத்தின் மை காயுமுன்

புவியியல் பாடத்திட்டம் வகுப்பது, ஓடும் ஆட்டோவில் உட்கார்ந்து கோலம் போடுகிற வேலை. 2018 இறுதியில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள். 2020 இறுதியில் 38. இந்திய மாநிலங்களோ 2014-ல் 29 ஆகி, 2019-ல் 28-க்கே திரும்பின. புளூட்டோ 2006-லேயே கோள் பதவியை இழந்திருந்தது.

இந்தியக் கடற்கரையாவது கிடந்த இடத்தில் கிடக்கும் என்று பாடக்குழு நம்பியிருக்கலாம். தலைமுறைகளாக மனப்பாடமான 7,516 கி.மீ., நெளிவு சுளிவுகளை நுணுக்கமாக அளந்ததும் 11,098 கி.மீ.க்கு மேல் போய்விட்டது. கரை நீளவில்லை, அளவுகோல்தான் சிறுத்தது.

ஒரு மதிப்பெண் வினாவுக்கு இனி காலாவதி தேதியும் அச்சிடலாம்.

தேர்வுக்கு முந்தைய இரவில், பெட்டிக்கடை அவுட்லைன் மேப்பை விரித்து, மாணவன் கடலோரத்துக்கு நீலப் பென்சில் தீட்டுகிறான். அதில் கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரத்துக்குள்தான் இருக்கிறது.